ஓடாத காரும் தேயும்

ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு சொகுசு செடான் கார்கள் விற்பனைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் காருக்கு ஒன்பது வயது, ஓடியது 38,000 கிலோமீட்டர். இரண்டாவதற்கு ஐந்து வயது, ஓட்டம் 1,10,000 கிலோமீட்டர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்க வருகிறவர் முதல் காரின் ஓடோமீட்டரைப் பார்த்ததுமே பாதி முடிவெடுத்துவிடுவார். பல நேரம் அந்த முடிவுதான் பின்னால் செலவு வைக்கிறது.

காரின் எல்லாப் பாகங்களும் ஒரே கணக்கில் தேய்வதில்லை. பிரேக் பேட், டிஸ்க், வீல் பேரிங், டயரின் மேல் பட்டை ஆகியவை தூரத்தால் தேய்பவை. ரப்பர், பிளாஸ்டிக், திரவங்கள், பேட்டரி ஆகியவை கார் நின்றாலும் ஓடினாலும் நாள்பட்டுக் கெடுபவை. எஞ்சின் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, எத்தனை முறை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது, எத்தனை மணி நேரம் சுழன்றது என்பதே அதன் தேய்மானத்தைச் சரியாகச் சொல்லும்.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு பேரிங்கின் உலோகத்தைத் தொடுவதே இல்லை; அழுத்தத்தில் உருவான எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. தேய்மானம் அதிகம் நடப்பது கிளப்பிய முதல் சில நொடிகளிலும், எண்ணெய் சூடாகாத முதல் சில நிமிடங்களிலும்தான். குறுகிய பயணத்தில் இன்னொரு கேடும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, எரியாத பெட்ரோலோடு சேர்ந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் அங்கேயே தங்கிவிடும். ஆயில் மாற்றத்துக்குத் தூரம், காலம் இரண்டையும் சொல்லி, ‘எது முதலில் வருகிறதோ அது’ என்று கையேட்டில் அச்சிடுவதன் காரணம் இதுதான்.

பல கார்களில் எஞ்சின் ஓடிய மணி நேரத்தை ஸ்கேனர் கருவியால் படிக்க முடியும். தூரத்தை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். இரண்டாவது கார் 1,700 மணி ஓடியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். அது நெடுஞ்சாலைக் கார். முதல் கார் 1,650 மணி காட்டினால் சராசரி 23 கிலோமீட்டர்தான். நெரிசலிலும் நின்ற இடத்திலும் சுழன்ற எஞ்சின் அது. ஓடோமீட்டரில் மூன்று மடங்கு வித்தியாசம் தெரிந்தாலும், இரண்டு எஞ்சின்களும் உழைத்த நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. மணிக்கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். நெடுஞ்சாலையில் ஓடியதாகச் சொல்லப்படும் காரில் சராசரி 15 கிலோமீட்டர் என்று வந்தால், ஓடோமீட்டர் குறைத்துத் திருத்தப்பட்டிருக்க இடமுண்டு. பல சொகுசுக் கார்களில் ஓடிய தூரம் மீட்டர் பலகையில் மட்டும் பதிவாவதில்லை. வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகும். எல்லாவற்றையும் படித்து ஒப்பிட்டால் பொருந்தாத எண் தானே வெளியே வரும்.

நாள்பட்டுக் கெடும் பாகங்களுக்கு வருவோம். சொகுசுக் காரில் பணத்தை விழுங்குவது இவைதான், ஏனென்றால் இவற்றின் எண்ணிக்கை சாதாரணக் காரைவிட அதிகம்.

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே புதிய முடிச்சுகளைப் போட, ரப்பர் இறுகி நெகிழ்வை இழக்கிறது. இழுபட்டு நிற்கும் இடங்களை ஓசோன் தாக்கி வெடிப்பை உண்டாக்குகிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் இத்தகைய வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற கார் ஓடாமலே முதுமை அடைவது இதனால்தான்.

இதைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடம் ஏர் சஸ்பென்ஷன். இரும்புச் சுருளுக்குப் பதில் காற்றடைத்த ரப்பர்ப் பை காரைத் தாங்குகிறது. பை கீழ்ப்பக்கம் மடிந்து உருளும் இடத்தில்தான் முதல் வெடிப்பு வரும். காற்று மெல்லக் கசியத் தொடங்கினால் காரின் உயரத்தைச் சரிசெய்ய, பைக்குக் காற்றை நிரப்பும் கம்ப்ரெஸர் அடிக்கடி ஓடும். அது விட்டுவிட்டு ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து ஓடினால் சூடேறித் தேய்ந்துபோகும். கசியும் பையை விட்டுவிட்டுக் கம்ப்ரெஸரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். சோதனை எளிது: மாலையில் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை, கதவைத் திறக்கும் முன்பே மீண்டும் அளந்து பாருங்கள். நான்கும் ஒரே அளவில் சற்று இறங்குவது பல மாடல்களில் இயல்பு. ஒரு மூலை மட்டும் ஒரு விரல்கடை இறங்கியிருந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

கூலன்ட் தொட்டி, தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர்க் குழாய் இணைப்புகள் எல்லாம் பல கார்களில் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆண்டுக்கணக்கில் சூடேறிக் குளிர்ந்து இவை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே டர்போவை வைத்த வி8 எஞ்சின்களில் அந்தச் சூட்டோடு வால்வு சீல்களும் இறுகும். சில நிமிடம் நின்று சுழன்றபின் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நீலப்புகை வருவது அதன் அடையாளம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் தர அளவுகோல் கேட்பது 155 டிகிரி மட்டுமே. அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வயதான டயரில் பட்டை முழுதாக இருந்தாலும் அதை மாற்ற வேண்டியதுதான்.

பிளக்-இன் ஹைப்ரிட் காரின் (எஞ்சினோடு, வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் பேட்டரியிலும் ஓடும் கார்) லித்தியம் பேட்டரியும் இருவழியில் முதுமை அடைகிறது: சார்ஜ் ஏறி இறங்கும் சுழற்சியால் ஒன்று, சும்மா இருக்கும் காலத்தால் மற்றொன்று. முழு சார்ஜில், வெப்பத்தில் நிறுத்தி வைப்பது இரண்டாவதை வேகப்படுத்தும்.

இவ்வளவும் சொன்னதால் அதிகம் ஓடிய காருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கைநீட்டலாம் என்றில்லை. 1,10,000 கிலோமீட்டரில் ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ்கள், வால்வுகளைக் கிராங்க் தண்டோடு இசைந்து இயக்கும் டைமிங் செயினின் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் எல்லாம் கவனம் கேட்கும். டீசல் காரில் துகள் வடிகட்டியில் சேரும் சாம்பல் தூரத்தோடு கூடிக்கொண்டே போகும். புகைக்கரியைப் போல அதை எரித்து நீக்க முடியாது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெட்ரோல் எஞ்சினில், காற்று நுழையும் உள்வால்வுகளை அது கழுவாததால் அவற்றின் மேல் கரி படியும். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சில கார் நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனால் பல சொகுசுக் கார்களில் இருக்கும் இசட்.எஃப் 8எச்.பி கியர்பாக்ஸைச் செய்பவர்களே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிய பில் இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுடையது.

மாடல் ஆண்டு என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. தயாரித்த தேதி, முதல் பதிவுத் தேதி, மாடல் ஆண்டு மூன்றும் வேறு வேறு. சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து பல கார்களில் மாடல் ஆண்டைக் குறிக்கும் (எல் என்றால் 2020, எம் என்றால் 2021). ஐரோப்பியச் சந்தைக் கார்களில் இதை நம்ப முடியாது. சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் தைத்திருக்கும் சீட்டில் உள்ள தேதி உதவும். மாடலின் முதல் ஆண்டுத் தயாரிப்பைவிட, குறைகள் திருத்தப்பட்ட பிந்தைய ஆண்டுத் தயாரிப்புக்குக் கொஞ்சம் கூடுதல் விலை தரலாம்.

எந்தக் காரை எடுப்பது என்பதற்கு ஒரு தாளும் பேனாவும் போதும். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் தூரத்தால் வரவிருக்கும் வேலைகளை ஒரு பக்கமும், வயதால் வரவிருக்கும் வேலைகளை மறுபக்கமும் எழுதுங்கள். பில்லோடு முடிந்தவற்றை அடித்துவிட்டு, மிச்சத்துக்கு விலை கேட்டு, கேட்கும் விலையோடு கூட்டுங்கள். உதிரிப்பாகத்தின் விலை காரின் இன்றைய விலையோடு சேர்ந்து குறைவதில்லை என்பதால் கூட்டுத்தொகை சில நேரம் திடுக்கிட வைக்கும். பதிவேடு சுத்தமாக உள்ள ஐந்து வயது நெடுஞ்சாலைக் கார்தான் பெரும்பாலும் முன்னே நிற்கும். டயர், ஏர் சஸ்பென்ஷன் பைகள், கூலன்ட் குழாய்கள், திரவங்கள் எல்லாம் மாற்றப்பட்டுவிட்ட ஒன்பது வயதுக் கார் அதை வெல்லக்கூடும்.

எந்தக் காராக இருந்தாலும் முதல் கிளப்பலை நீங்களே கேட்க வேண்டும். காலையில் போய், முதலில் பானட்டின் மேல் கை வையுங்கள். குளிர்ந்திருந்தால் மட்டும் கிளப்பச் சொல்லி, முதல் மூன்று நொடிகளைக் கவனியுங்கள். அதன் பிறகும் நீடிக்கும் கடகடப்பு டைமிங் செயின் தளர்ந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். பானட் ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.