பனியில் நின்ற இடத்திலேயே சுற்றும் சக்கரம்: கை டிராக்டருக்குப் பிடி ஏற்றும் முன்

பனி கொட்டிய மறுநாள் பட்டறைக்கு வரும் புகார் அநேகமாக ஒன்றுதான். "எஞ்சின் நன்றாக இழுக்கிறது, சக்கரம்தான் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. சங்கிலி இருக்கிறதா?" பின்னால் நடந்தபடி ஓட்டும் இரண்டு சக்கர டிராக்டர்களை, பவர் டில்லர் வகை வண்டிகளை, பழுது பார்ப்பது என் தொழில். டயரைச் சுற்றிப் பிடிக்காக மாட்டும் அந்தச் சங்கிலியை விற்றால் எனக்குக் காசு. இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "சக்கரத்தின் மேல் எத்தனை கிலோ நிற்கிறது?"

பலருக்கு இந்தக் கேள்வி பிடிபடுவதில்லை. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பது மனப்பாடமாகத் தெரியும். சக்கரத்தின் மேல் உள்ள எடை தெரியாது. ஆனால் பனியில் எஞ்சின் திறனுக்கு வேலையே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டியின் இரண்டு சக்கரங்கள் மேலும் சேர்ந்து 100 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் ரப்பருக்கு உராய்வு 0.7 அளவில் கிடைக்கும். ஏறத்தாழ 70 கிலோ விசையோடு தள்ளலாம். மிதிபட்டு இறுகிய பனியில் அது 0.2 அளவுக்கு இறங்கிவிடும்; மிச்சம் 20 கிலோ. உருகத் தொடங்கிய ஈர ஐஸில் 0.1 கூடத் தேறாது. அங்கே 8 குதிரைத்திறன் எஞ்சினும் 13 குதிரைத்திறன் எஞ்சினும் ஒன்றுதான். பெரியது கொஞ்சம் வேகமாகச் சுற்றும், அவ்வளவே.

சரி, அந்த 20 கிலோவை வைத்துக்கொண்டு எதைத் தள்ளுவது? வண்டியின் முன்னால் பனியைத் தள்ள மாட்டும் தகடு, அதாவது பிளேடு, ஒரு மீட்டர் அகலம்; பனி 20 சென்டிமீட்டர் உயரம். ஐந்து மீட்டர் போனால் ஒரு கன மீட்டர் பனி பிளேடுக்கு முன்னால் சேர்ந்துவிடும். புதிதாக விழுந்த பொலபொலப்பான பனி என்றால் கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. ஒரு நாள் கிடந்து அமுங்கினால் 200, 300 கிலோ. நீர் கோத்துக்கொண்டால் 400-ஐயும் தாண்டும். காலையில் சுலபமாகப் போன அதே வண்டி மாலையில் ஏன் திணறுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வண்டியில் ஒன்றும் மாறவில்லை. எதிரே இருக்கும் சுமைதான் மூன்று நான்கு மடங்காகிவிட்டது.

அதனால் காசு செலவழிக்கும் முன் சுமையைக் குறையுங்கள். பிளேடின் முழு அகலத்தையும் பனிக்குள் விடாமல் பாதி அகலத்தை மட்டும் விட்டுத் தள்ளுங்கள். பிளேடைச் சாய்த்து வைத்தால் பனி ஓரமாக ஒதுங்கும், முன்னால் குவியாது. பனி நிற்கும் முன்பே ஒரு சுற்று, நின்றபின் ஒரு சுற்று என்று இரண்டாகப் பிரியுங்கள். பிளேடின் உட்பக்கத்தில் சிலிக்கான் ஸ்ப்ரேயோ மெழுகோ பூசினால் பனி அப்பாமல் வழுக்கிப் போகும். பனியை அள்ளி வீசும் இயந்திரத்தை மாட்டியிருந்தால் இந்தக் கவலை குறைவு. அது பனியை அள்ளி ஓரமாக எறிந்துவிடுவதால் சக்கரம் வண்டியை மட்டும் நகர்த்தினால் போதும்.

அப்புறம், சக்கரம் வழுக்கத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆக்சிலேட்டரைக் கூட்டுவதுதான் எல்லாருடைய முதல் பழக்கம். ஒருமுறை அப்படிச் சுற்றவிட்ட இடத்தைக் குனிந்து பாருங்கள். சொரசொரப்பாக இருந்த பனியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு குழிகள் விழுந்திருக்கும், இரண்டும் தேய்த்த கண்ணாடி மாதிரி பளபளக்கும். அந்த ஐஸை உண்டாக்கியது உங்கள் டயர்தான். ஒரு அடி பின்னால் எடுத்து, மிகக் குறைந்த கியரில், குறைவான பனியோடு மறுபடி போங்கள். குழியில் ஒரு கைப்பிடி மணல் போட்டால் இன்னும் நல்லது.

இன்னொரு கெட்ட பழக்கம் ஹேண்டிலைத் தூக்குவது. முன்னால் பிளேடு மாட்டிய வண்டியில் ஹேண்டிலைத் தூக்கினால் பிளேடு தரையில் அழுந்தும், 'நன்றாக வழிக்கிறது' என்று தோன்றும். ஆனால் நீங்கள் தூக்குகிற ஒவ்வொரு கிலோவும் சக்கரத்திலிருந்துதான் போகிறது. இதைத் தலைகீழாகப் போட்டால் லாபம். ஹேண்டில் பக்கம் ஒரு 10 கிலோ எடையைக் கட்டுங்கள். அச்சிலிருந்து அதற்குள்ள தூரமும், முன்னால் பிளேடு தரையைத் தொடும் தூரமும் சமமாக இருந்தால் சக்கரத்தில் 20 கிலோ ஏறும். கட்டிய 10 கிலோ ஒன்று, பிளேடு தாங்கிக்கொண்டிருந்த 10 கிலோ இன்னொன்று. இதற்கும் ஒரு எல்லை உண்டு. அளவு மீறினால் பிளேடு தரையை விட்டு எழும்பும், ஹேண்டிலின் கனத்தை நாள் முழுக்க உங்கள் தோள் சுமக்கும்.

நிரந்தரத் தீர்வு சக்கரத்திலேயே போல்ட் போட்டுப் பொருத்தும் இரும்பு எடைகள். எனக்கு இவைதான் பிடிக்கும். அந்த எடை அச்சு பேரிங் மேல் உட்காருவதில்லை, சக்கரம் வழியாக நேராகத் தரைக்குப் போய்விடுகிறது. எவ்வளவு போடலாம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் போனால் கியர்பாக்ஸ் பல் பதில் சொல்லும். இரும்பு கிடைக்காதவர்கள் கான்கிரீட் வார்க்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அதே எடைக்கு மூன்று மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும்.

ஒருவர் எஞ்சின் மேலேயே மணல் மூட்டை கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்கு வந்தபோது பிளாஸ்டிக் சாக்கு உருகி சைலன்சரில் ஒட்டியிருந்தது, காற்று புகும் துடுப்புகளை மணல் அடைத்திருந்தது. வெளியே பனி கொட்டினாலும் காற்றால் குளிரும் எஞ்சினுக்குக் காற்றுப் போக வழி வேண்டும். அவர் எஞ்சின் பிழைத்தது, பக்கத்திலிருந்த பெட்ரோல் டியூபும் தப்பியது. அது அதிர்ஷ்டம்.

டயருக்குள் திரவம் நிரப்புவதும் உண்டு. வெறும் தண்ணீர் கூடவே கூடாது, உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் கடுங்குளிரைத் தாங்கும், கனமும் அதிகம். ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துத் தின்னும், ஆகவே டியூப் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். ரேடியேட்டரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், செத்துப்போகும். இந்தச் சின்ன டயரில் கொள்ளும் சில லிட்டருக்கு இத்தனை தொல்லை தேவையா என்பதே என் கேள்வி.

டயரைப் பற்றி இரண்டு விஷயம். பவர் டில்லர் வண்டிகளின் டயரில் அம்புமுனை மாதிரி கட்டைகள் இருக்கும். மேலிருந்து பார்த்தால் அந்த முனை வண்டி போகும் திசையைக் காட்ட வேண்டும். அப்போதுதான் இடையில் சிக்கும் பனியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். சில வண்டிகளில் ஹேண்டிலைத் திருப்பிப் போட்டு, உழும்போது பின்பக்கமாக இருந்ததை முன்பக்கமாக்கி பிளேடு மாட்டுவார்கள். அப்படிச் செய்ததும் அம்பு உங்களைப் பார்த்துத் திரும்பிவிடும். இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை, இதைச் செய்யாமல் சங்கிலி கேட்டு வருபவர்கள் ஏராளம்.

அடுத்தது காற்று. 20 டிகிரி வெப்பத்தில் 15 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், மைனஸ் 10 டிகிரியில் தானாகவே 12-க்கு இறங்கும். காற்று கொஞ்சம் குறைந்தால் டயர் அகலமாகப் படியும், பிடி கூடும் என்பது உண்மைதான். அதை நம்பி இன்னும் இறக்கினால், குளிர் ஏற்கெனவே இறக்கியதோடு சேர்ந்து, ரிம் மட்டும் உள்ளே சுற்றி டியூபின் வால்வை அறுத்துவிடும். குளிரில் வைத்தே அளவு பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் சங்கிலிக்கு வருவோம். குறுக்குக் கம்பிகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஏணிச் சங்கிலி மலிவு. ஆனால் ஒரு கம்பி விட்டு அடுத்தது தரையைத் தொடும் வரை ரப்பர்தான் வழுக்கும், வண்டி தத்தித் தத்திப் போகும். நெருக்கமாகக் கம்பி உள்ளதை வாங்குங்கள். சரிவில் வேலை என்றால் வைரக்கட்ட வடிவில் பின்னியது நல்லது, பக்கவாட்டிலும் பிடிக்கும். மாட்டிச் சில மீட்டர் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். தொளதொளவென்று விட்டால் கியர்பாக்ஸ் உறையில் அடிக்கும். இடம் போதாவிட்டால் அச்சில் நீட்டிப்புத் துண்டு போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளலாம், வண்டி கவிழாமலும் நிற்கும். சேற்று வயலுக்கான இரும்புக் கேஜ் வீலைப் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சேறு உள்ளே விடும், அதனால் அது பிடிக்கும். பனிக்கு அடியில் இருப்பது கான்கிரீட். இரும்பு அதில் வழுக்கும், தரையையும் கீறும்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறதா? இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் டிஃபரென்ஷியல் லாக்கைப் போடுங்கள், ஆனால் திரும்பும் முன் எடுத்துவிடுங்கள்.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயம். வழுக்கும் சக்கரம் ஒரு ஃபியூஸ் மாதிரி. பிளேடு எதிலாவது முட்டினால் சக்கரம் சுற்றும், வண்டி நிற்கும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. எடையும் சங்கிலியும் போட்டபின் அந்த ஃபியூஸ் போய்விடுகிறது. ஒருவருக்கு இரண்டையும் நானே மாட்டிக் கொடுத்தேன். மறு வாரம் பனிக்குள் மறைந்திருந்த சாக்கடை மூடியின் விளிம்பில் பிளேடு சிக்கியது. சக்கரம் விடவில்லை, ஹேண்டில் எம்பி அவர் விலாவில் அடித்தது. விலா எலும்பில் விரிசல். பிடி கூட்டித் தந்தேனே தவிர, முட்டினால் தானாக மடங்கும் ஸ்பிரிங் பிளேடு வேண்டும் என்றோ, மூடி இருக்கும் இடங்களில் முன்கூட்டியே குச்சி நட்டு வையுங்கள் என்றோ சொல்லவில்லை. இப்போது இரண்டையும் சொல்லாமல் சங்கிலியைக் கையில் கொடுப்பதில்லை. பனி வீசும் இயந்திரத்திலும் இதே கதைதான்: உடைவதற்கென்றே வைத்திருக்கும் மெல்லிய போல்ட் அடிக்கடி உடைகிறதே என்று கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்.

சரிவில் குறுக்காக ஓட்டாதீர்கள், மேலும் கீழுமாக ஓட்டுங்கள். இறங்கும்போது கிளட்சைப் பிடிக்கவோ கியர் மாற்றவோ கூடாது. பிரேக் இல்லாத வண்டி கட்டுப்பாடின்றி உருளும். ஸ்டீயரிங் கிளட்ச், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எஞ்சினிலிருந்து விடுவிக்கும் கிளட்ச், உள்ள பவர் டில்லரில் இன்னொரு வினோதம் உண்டு. சமதளத்தில் இடது கிளட்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதால், கிளட்ச் விட்ட சக்கரம் வேகமாக ஓடி, வண்டி வலப்பக்கம் திரும்பும். வருடக்கணக்காக ஓட்டியவர்களே இதில் தடுமாறுகிறார்கள்.

வண்டிக்குச் சங்கிலி போட்டவர் தன் காலுக்கு என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் சாதாரண ரப்பர் பூட்ஸ். வண்டி ஐஸில் வழுக்காமல் போகும், ஆள் விழுவார். பூட்ஸில் மாட்டும் முள் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்தாலும் ஹேண்டிலில் உள்ள பாதுகாப்பு லீவர் கைவிட்டதும் வண்டியை நிறுத்திவிடும், அதைக் கட்டி வைக்காதவரை. கையுறையோடு பிடித்திருக்கக் கை வலிக்கிறது என்று டேப் சுற்றி வைத்த லீவர்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க, வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது வழுக்கி விழுந்தால் அந்த வண்டி நிற்காது. முன்பு வழுக்கிய சக்கரம் இப்போது பிடித்து உங்கள் மேல் ஏறும்.

டேப் சுற்றாதவர்களும் ஒன்று செய்யுங்கள். காலையில் எஞ்சினைக் கிளப்பும் முன் அந்த லீவரை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். டக்கென்று எகிற வேண்டும். மெதுவாக வந்தாலோ பாதியில் நின்றாலோ கேபிள் உறைக்குள் ஈரம் இறங்கி உறைந்திருக்கிறது. அன்று மண்வெட்டியால் பனியை வாருங்கள். வண்டியை உள்ளே தள்ளிப்போய், கேபிளைக் காயவைத்து, கிரீஸ் விட்டு, மறுநாள் எடுங்கள்.