மெஷ் மேல் கை வைக்காதீர்கள், தம்பி

போன வாரம் மணலியிலிருந்து ஒரு தம்பி வந்தார். லேப்டாப்பில் இரண்டு வண்ணப் படங்கள். ஓட்டை உள்ள ஒரு பிராக்கெட்டில் லோடு ஏறும்போது எந்த இடம் எவ்வளவு இழுபடுகிறது, அதாவது ஸ்ட்ரெயின் எவ்வளவு, என்று காட்டுபவை. ஒன்று அவர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் செய்த சிமுலேஷன், இன்னொன்று நாங்கள் லேபில் டிஜிட்டல் இமேஜ் கோரிலேஷனில், அதாவது டிஐசியில், எடுத்துக் கொடுத்த அளவு. இரண்டிலும் ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு, தள்ளிப் போகப் போக நீலம். "சார், மேட்ச் ஆயிடுச்சு" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. முன்பு ஆகவில்லையே, இப்போது எப்படி ஆனது என்று கேட்டேன்.

"மெஷ் ரொம்ப ஃபைனா இருந்துச்சு சார். கொஞ்சம் பெருசு பண்ணேன். பீக் இறங்கி வந்துடுச்சு."

மெஷ் என்பது சிமுலேஷனுக்காகப் பாகத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் வலை, பீக் என்பது அதில் வரும் உச்ச எண். இந்த வருடத்தில் இப்படிச் சொன்ன நான்காவது ஆள் இவர். மூன்று பேரிடம் நேரில் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

டிஐசி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாகத்தின் மேல் வெள்ளை பெயின்ட், அதன் மேல் கறுப்புப் புள்ளிகள். லோடு ஏற ஏற கேமரா படம் எடுக்கும், எந்தப் புள்ளிக் கூட்டம் எங்கே நகர்ந்தது என்று சாஃப்ட்வேர் தேடும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சவுத் கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவான முறை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேமரா ஸ்ட்ரெயினை அளப்பதே இல்லை. அது பார்ப்பது நகர்வை மட்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நகர்வு வித்தியாசத்திலிருந்து, ஒரு பரப்புக்குச் சராசரி எடுத்துத்தான் ஸ்ட்ரெயின் வருகிறது. அந்தப் பரப்பு எவ்வளவு பெரியது என்று யாரும் கேட்பதில்லை. தம்பியின் பிராக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். படத்தின் அகலம் 2448 பிக்சல், அதில் 200 மில்லிமீட்டர் அடங்குகிறது. சாஃப்ட்வேர் ஒரே கூட்டமாகத் தேடும் சதுரம், அதாவது சப்செட், 31 பிக்சல். ஒரு சப்செட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் தூரம், அதாவது ஸ்டெப், 10 பிக்சல். சராசரி எடுக்கும் ஸ்ட்ரெயின் விண்டோ ஒரு பக்கத்துக்கு 9 அளவுப் புள்ளி, நடுவே 8 இடைவெளி. எட்டைப் பத்தால் பெருக்கி 31 கூட்டினால் 111 பிக்சல், ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். ஓட்டையின் விட்டமோ 8 மில்லிமீட்டர்! ஓட்டையை விடப் பெரிய கரண்டியால் மொண்டால் ஓரத்துப் பீக் தனியாகவா வரும்?

அகலமான தகட்டை ஒரு பக்கமாக இழுத்தால் வட்ட ஓட்டையின் ஓரத்தில் ஸ்ட்ரெஸ், அதாவது ஒரு பரப்புக்கு விழும் விசை, தள்ளி இருக்கும் இடத்தைப் போல 3 மடங்கு என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். ஓரத்திலிருந்து ஓர் ஆரம் தள்ளி, இங்கே 4 மில்லிமீட்டர், அது 1.22 மடங்காக விழுந்துவிடும் என்பதையும் அதே பாடத்தில்தான் படித்தோம். இந்த 3-ஐயும் 1.22-ஐயும் ஒன்றாகக் கலக்கிச் சராசரி எடுத்ததுதான் நம் டிஐசி எண். போதாக்குறைக்கு, விளிம்பை ஒட்டி அரை சப்செட் அளவுக்கு அளவே வராது. ஆக, சிமுலேஷன் பீக் அதிகமாக இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மெஷ்ஷைக் கெடுத்து அதைக் கீழே இழுப்பது, தராசில் எடை குறைகிறது என்று படிக்கல்லைத் தேய்ப்பது மாதிரி.

சரியான வழி சுலபம்தான். சிமுலேஷனில் கிடைத்த நகர்வைக் கொண்டு நம் புள்ளிப் படத்தையே கம்ப்யூட்டரில் வளைத்து, அதே சப்செட், அதே ஸ்டெப், அதே விண்டோவோடு டிஐசிக்குள் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு எண்ணும் ஒரே கரண்டியில் மொண்டதாக இருக்கும், அப்புறம் ஒப்பிடுங்கள். ஓரத்து எண்ணேதான் வேண்டும் என்றால் கேமராவைக் கிட்டே கொண்டுபோய் 40 மில்லிமீட்டரை மட்டும் எடுக்கலாம். அப்போது அந்த 111 பிக்சல் 2 மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் ஒரு புள்ளி 3 முதல் 5 பிக்சல் இருக்க வேண்டும் என்பதால் புள்ளியும் சின்னதாக வேண்டும். 200 மில்லிமீட்டர் படத்துக்கு ரவையை விடச் சற்றுச் சின்னதாக இருந்தால் போதும், 40-க்கு மாவு மாதிரி வேண்டும். செம்புதாஸ் தெருவில் வாங்கிய ஸ்ப்ரே டப்பாவில் அது வராது, ஏர்பிரஷ் எடுங்கள்.

புள்ளி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒருவர் அட்டையில் ஓட்டை போட்டு, புள்ளிக் கோலம் மாதிரி வரிசை பிசகாமல் வைத்துக்கொண்டு வந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி இருந்தால் எது எங்கே போனது என்று சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? தாறுமாறாகத் தெளியுங்கள். பெயின்ட் மேட்டாக இருக்கட்டும், பளபளப்பு வேண்டவே வேண்டாம்.

ஒற்றைக் கேமரா போதும் என்று பேரம் பேசுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. கேமரா 1 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, பாகம் அதை நோக்கி 1 மில்லிமீட்டர் வருகிறது என்று வையுங்கள். இல்லாத ஸ்ட்ரெயின் 1000 மைக்ரோ, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, படத்தில் தெரியும். 250 மெகாபாஸ்கல் ஈல்டு உள்ள இரும்பு ஈல்டு ஆவதே, அதாவது பழைய நிலைக்குத் திரும்பாமல் நீள ஆரம்பிப்பதே, சுமார் 1250 மைக்ரோவில். வளையக்கூடிய பாகம் என்றால் இரண்டு கேமரா வையுங்கள், தயவுசெய்து.

டெஸ்டுக்கு முன் லோடு இல்லாமல் பத்துப் படம் எடுங்கள். அதில் வரும் ஸ்ட்ரெயின் முழுக்க நாய்ஸ், அதாவது பொய் அளவு, அதற்குக் கீழே எதையும் நம்பாதீர்கள். எங்கள் லேப் திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை நகர ஆரம்பித்தால் இந்தப் பத்துப் படத்திலேயே தெரிந்துவிடும். அன்றைக்கு டெஸ்ட் ராத்திரிக்குத் தள்ளிப்போகும். டீ செலவு தனி.

ரிப்போர்ட்டில் இரண்டு படத்துக்கும் ஒரே வண்ண அளவுகோல் போடுங்கள். தனித்தனியாக ஆட்டோ ஸ்கேலில் விட்டால் எந்தப் படமும் எந்தப் படத்தோடும் ஒத்துப்போகும். சப்செட், ஸ்டெப், விண்டோ மூன்றையும் எழுதுங்கள். ஒரு டெஸ்டைப் பார்த்து மாடலைத் திருத்திவிட்டு அதே டெஸ்டை வேலிடேஷன், அதாவது மாடல் சரி என்பதற்குச் சான்று, என்று காட்டாதீர்கள், அதற்கு இன்னொரு டெஸ்ட் வேண்டும்.

மணலித் தம்பி பழைய மெஷ்ஷுக்கே திரும்பினார். அதே கரண்டியில் மொண்டு பார்த்ததில் ஓட்டையைச் சுற்றி எண்கள் நெருங்கி வந்தன. ஆனால் பிராக்கெட்டின் அடிப்பக்கம் வரவில்லை. நகர்வுப் படத்தைத் திறந்தோம். போல்ட் போட்ட அடித்தகடு ஒரு பக்கம் 0.2 மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. சிமுலேஷனில் அந்த இடம் அசையவே அசையாது என்று பிடித்து வைத்திருந்தார். முதல் நாள் கொடுத்த படத்திலேயே அது இருந்தது. ரிப்போர்ட்டில் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று அடிப்பக்கத்தைக் கிராப் செய்திருக்கிறார்.