யூனிகார்ன்: குதிரை என்று யார் சொன்னது?

பென்சில் பெட்டி முதல் எமோஜி வரை இன்று யூனிகார்ன் என்றால் ஒரே உருவம்தான்: வெள்ளைக் குதிரை, நெற்றியில் முறுக்கிய கொம்பு, வானவில் நிறப் பிடரி. ஆனால் பெயரில் குதிரை எங்கும் இல்லை.

லத்தீனில் ‘ஊனுஸ்’ ஒன்று, ‘கோர்னு’ கொம்பு. இரண்டும் சேர்ந்த ‘ஊனிகோர்னிஸ்’ ஆங்கிலத்தில் யூனிகார்ன் ஆயிற்று. கிரேக்கத்தின் ‘மோனோகெரோஸ்’ என்பதற்கும் இதே பொருள். பிரெஞ்சுக்காரர்கள் செய்ததுதான் வேடிக்கை. சொல்லின் தலையில் இருந்த ‘ஊன்’ என்பதைத் தங்கள் மொழியின் ‘ஒரு’ என்று எண்ணி வெட்டிவிட்டு, மிச்சத்தின் முன்னால் லகரத்தை ஒட்டி ‘லிகோர்ன்’ ஆக்கினார்கள் என்பது வழக்கமான விளக்கம். ஒற்றைக்கொம்பு விலங்கின் பெயரிலிருந்து ‘ஒற்றை’ உதிர்ந்துவிட்டது!

கி.மு. 400 வாக்கில் பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த கிரேக்கர் டீசியஸ், இந்தியாவைப் பற்றித் தாம் கேள்விப்பட்டதை எழுதினார். அதில் வருவது காட்டுக்கழுதை. வெள்ளை உடல், கருஞ்சிவப்புத் தலை, நீலக் கண்கள், ஒன்றரை முழக் கொம்பு. கொம்பின் அடி வெள்ளை, நடு கறுப்பு, நுனி செக்கச்செவேல். அந்தக் கொம்பில் பருகுபவரை நஞ்சு தீண்டாது என்றும் எழுதிவைத்தார். அந்த நம்பிக்கையை வைத்து ஐரோப்பாவில் பெரும் வணிகமே நடந்தது. விற்றது நார்வால் என்னும் வடகடல் திமிங்கிலத்தின் நீண்ட பல். 1638இல் டென்மார்க்கின் மருத்துவர் ஓலே வோர்ம் அந்தக் குட்டை உடைத்தார். இன்றைய படங்களில் கொம்பு முறுக்கியிருப்பதற்கு அந்தப் பல்தான் காரணம்.

பாரிஸின் குளூனி அருங்காட்சியகத்தில், 1500ஐ ஒட்டி நெய்யப்பட்ட திரைச்சீலைகளில் யூனிகார்னுக்கு ஆட்டுத்தாடியும் பிளந்த குளம்பும் உண்டு. மிகுபுனைவு எழுத்தாளர்களும் இதை மறக்கவில்லை. பீட்டர் பீகிளின் ‘தி லாஸ்ட் யூனிகார்ன்’ (1968) தொடக்கத்திலேயே, இது கொம்பு வைத்த குதிரை போல இல்லை என்று சொல்லிவிடுகிறது. முதல் ஹாரி பாட்டர் நாவலில் (1997) யூனிகார்னின் ரத்தம் சாகக்கிடப்பவரையும் பிழைக்கவைக்கும். ஆனால் குடித்தவரின் வாழ்வு அக்கணமே சாபத்துக்குள்ளாகும். டீசியஸின் மருந்துக்குப் பின்னாளில் முளைத்த பக்கவிளைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கு வருவோம். யூனிகார்னுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? விவிலியத்தில் ‘ரெஏம்’ என்ற எபிரேயச் சொல் கிரேக்கத்தில் மோனோகெரோஸ் ஆகி, 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் யூனிகார்ன் ஆனது. பழைய தமிழ் விவிலியமோ ‘என் கொம்பைக் காண்டாமிருகத்தின் கொம்பைப்போல உயர்த்துவீர்’ என்றது. மூலச்சொல் காட்டெருதைக் குறித்தது என்பதே இன்றைய பொதுக் கருத்து. ஆக, காண்டாமிருகம் உதவாது. ‘ஒற்றைக்கொம்பன்’ என்றால் விநாயகரோ தந்தம் ஒடிந்த யானையோ வந்து நிற்பார்கள். ‘ஒற்றைக்கொம்புக் குதிரை’ சிறுவர் நூலுக்குப் போதும். தாடியும் பிளந்த குளம்பும் கொண்ட பழைய விலங்கை அது தொலைத்துவிடும்.

என் பரிந்துரை ‘ஒருகோட்டுமா’. கோடு என்பது கொம்புக்கும் தந்தத்துக்கும் பொதுவான பழஞ்சொல்: குறளில் யானை ‘கூர்ங்கோட்டது’, கம்பனில், தலையில் மான்கொம்பு கொண்ட ரிசியசிருங்கர் ‘கலைக்கோட்டு’ முனிவர். நார்வாலின் பல்லும் இதில் அடங்கிவிடும். ‘மா’ விலங்கையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். எது என்று சொல் அடித்துச் சொல்லாததுதான் இங்கே வசதி. ‘மா’வை மட்டும் விட்டுவிடக் கூடாது. வெறும் ‘ஒற்றைக்கோடு’ என்றால் பிள்ளைகள் அளவுகோலைத் தேடுவார்கள்.

வணிகச் செய்தியில் இந்தச் சொல்லைப் புகுத்த மாட்டேன். 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டிய புத்தொழில் நிறுவனங்களுக்கு 2013இல் அமெரிக்க முதலீட்டாளர் ஐலீன் லீ சூட்டிய பெயர் யூனிகார்ன். அது அப்படியே இருக்கட்டும். ‘ஒருகோட்டுமா நிறுவனம்’ என்று தலைப்பிட்டால், முதலீட்டாளர் கால்நடைப் பண்ணை என்று நினைத்துக்கொள்வார்.