வெர்கெல்ட்: குருதிப்பணமா, ஆளீடா?

மேற்கு ரோமப் பேரரசு சிதைந்த பிறகு பிராங்குகள், லொம்பார்டுகள், ஆங்கிலோ-சாக்சன்கள் போன்ற ஜெர்மானிய மக்கள் எழுதி வைத்த சட்டங்களைப் படிப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சொல் வெர்கெல்ட். தமிழில் இதைக் ‘குருதிப்பணம்’ என்று எழுதுவது வழக்கம். அது பாதிப் பொருள்தான். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு சுதந்திர மனிதருக்கும் சட்டம் குறித்து வைத்த மதிப்பே வெர்கெல்ட். அவர் கொல்லப்பட்டால் அத்தொகை உறவினருக்குப் போகும். ஆனால் கொலையே நடக்காத இடத்திலும் அதற்கு வேலை உண்டு.

‘வெர்’ என்றால் மனிதன், ஆண். லத்தீன் ‘விர்’, வடமொழி ‘வீர’ இரண்டும் இதன் உறவுச் சொற்கள். வடமொழி வழியாக நம்மிடம் வந்த ‘வீரன்’கூட இந்தக் குடும்பம்தான். ஆங்கில ஓநாய்மனிதக் கதைகளின் ‘வேர்வுல்ஃப்’ என்ற பெயரில் இருப்பதும் இதே ‘வெர்’. ‘கெல்ட்’ என்பது செலுத்துவது, திருப்பித் தருவது. 4ஆம் நூற்றாண்டின் கோத்திக் பைபிளில் ‘கில்ட்’ வரியைக் குறிக்கிறது. இன்றைய ஜெர்மன் மொழியில் ‘கெல்ட்’ என்றால் பணம். போரைக் குறிக்கும் ‘வார்’, தங்கத்தைக் குறிக்கும் ‘கோல்ட்’ ஆகியவற்றோடு இதை முடிச்சுப்போடுவது ஒலியை மட்டும் நம்பிய ஊகம்.

மூலநூல்களில் தேடும்போது ஒரு சிக்கல் வரும். 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிராங்கு அரசர் குளோவிஸ் காலத்தில் தொகுக்கப்பட்ட, பிராங்குகளின் சாலிக் சட்டம் இதை ‘லெயுடிஸ்’ என்கிறது, சுமார் கி.பி. 600இல் இங்கிலாந்தின் கென்ட் நாட்டு அரசர் ஏதெல்பெர்ட்டின் சட்டம் ‘லியோட்கெல்ட்’ என்கிறது. வெர்கெல்ட் என்ற சொல்லை மட்டும் தேடினால் இந்த இரண்டு சட்டங்களின் முக்கியமான பகுதிகள் கைநழுவிப் போகும்.

சாலிக் சட்டத்தில் சுதந்திர பிராங்கு ஒருவரின் மதிப்பு 200 சாலிடஸ் (ரோமத் தங்க நாணயம்). அரசரின் அணுக்கப் படையில் இருந்தால் 600. நிலம் வைத்திருக்கும் ரோமர் 100. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு 600. பிணத்தைக் கிணற்றில் போட்டோ கிளைகளால் மூடியோ மறைத்தால் தொகை மும்மடங்கு. ஒரு ரோம பவுண்டு தங்கத்தில் 72 சாலிடஸ் அடித்தார்கள். ஒன்று சுமார் 4.5 கிராம். ஆக 200 சாலிடஸ் ஏறக்குறைய 900 கிராம், நம் கணக்கில் 112 சவரன். சாதாரணக் குடியானவரிடம் இவ்வளவு தங்கம் ஏது? கால்நடையாகவும் ஆயுதமாகவும் கொடுக்கலாம் என்பதால்தான் பிராங்குகளின் இன்னொரு பிரிவினரான ரிபுவாரியரின் சட்டம் மாடு, குதிரை, வாள், தலைக்கவசம் என்று விலைப்பட்டியலே தருகிறது.

வெவ்வேறு நாட்டுத் தொகைகளை நேராக ஒப்பிடக் கூடாது. கென்ட்டின் சுதந்திரக் குடியானவருக்கு 100 ஷில்லிங், இன்னொரு ஆங்கில நாடான வெசெக்ஸில் 200. பார்த்தால் வெசெக்ஸ்காரர் இருமடங்கு உசத்தி போலத் தெரியும். ஆனால் ஷில்லிங்கே நாட்டுக்கு நாடு வேறு: கென்ட் ஷில்லிங் ஸ்கேட் என்ற சிறு அலகில் 20, வெசெக்ஸ் ஷில்லிங் பின்னாளில் 5 பென்னிதான்.

தவணையும் உண்டு. கென்ட்டில் புதைகுழியை மூடுவதற்கு முன் 20 ஷில்லிங், மொத்தமும் 40 இரவுகளுக்குள். பிராங்குகளிடம் பாதி இறந்தவரின் மகன்களுக்கு, மறுபாதி தந்தைவழி, தாய்வழி உறவினருக்கு. கொடுக்க வழியில்லாதவர் வீட்டின் நான்கு மூலை மண்ணை அள்ளி, வாசற்படியில் நின்று, இடக்கையால் தோளுக்குப் பின்னே நெருங்கிய உறவினர் மேல் எறிவார். பிறகு இடைவாரின்றி, வெறுங்காலோடு, கையில் கோலுடன் வேலி தாண்டுவார். கடன் உறவினர் தலையில் விழும். அவர்களாலும் முடியாமல், கொலையாளியை நான்கு மன்றங்களில் நிறுத்தியும் மீட்க ஆளில்லாவிட்டால் அவர் உயிர்தான் விலை.

பணம் வாங்கினாலே பகை தீர்ந்துவிடும் என்பதில்லை. தூர் நகரில் சிக்காருக்கும் கிராம்னெசிண்டுக்கும் இருந்த பகையை, தேவாலயப் பணத்தையும் போட்டுத் தீர்த்துவைத்ததை ஆயர் கிரெகோரியே பதிவு செய்திருக்கிறார். பிறகு இருவரும் சேர்ந்து உண்ணும் அளவுக்கு நட்பானார்கள். ஒரு நாள் குடிபோதையில் சிக்கார், உன் உறவினரை நான் கொன்றதால்தானே உன் வீட்டில் பொன்னும் வெள்ளியும் கொழிக்கிறது என்று கிண்டலடித்தார். கிராம்னெசிண்ட் விளக்கை அணைத்துவிட்டு அவரைக் கொன்றார்.

கொலைக்கு வெளியே இத்தொகை செய்த வேலைதான் மொழிபெயர்ப்பைத் தீர்மானிக்க வேண்டும். வெசெக்ஸ் அரசர் இனேயின் சட்டப்படி, பிடிபட்ட திருடன் தன் வெர்கெல்டைக் கட்டித் தன் உயிரையே மீட்கலாம். 1200 ஷில்லிங் மதிப்புள்ள பிரபுவின் சத்தியம், 200 ஷில்லிங் குடியானவர் ஆறு பேரின் சத்தியத்துக்குச் சமம். இங்கெல்லாம் ‘குருதிப்பணம்’ பொருந்தாது.

‘ஆள்விலை’ இன்னும் மோசம். நம் பழைய ஆவணங்களில் அது அடிமையை விற்ற விலை. அடிமைக்கோ வெர்கெல்ட் கிடையாது, கொன்றால் எசமானுக்குச் சொத்து நட்டம் கட்டினால் போதும். ‘தண்டம்’ அரசனுக்குப் போவது. பிராங்குச் சட்டங்களில் அதற்கு ‘ஃப்ரெடுஸ்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. தவறுதலாக ஆளைக் கொன்றவர் 96 ஆடு கொடுத்துக் கோயிலில் நந்தாவிளக்கு ஏற்றும் சோழர்காலத் தீர்ப்புகளையும் இதோடு சேர்க்க முடியாது; அங்கே கொடை கோயிலுக்குப் போகிறது.

‘ஆளீடு’ சரியாக அமைகிறது. வெர் ஆள், கெல்ட் ஈடு. ‘ஈடு’ சமமான மதிப்பையும் இழப்புக்குக் கொடுப்பதையும் ஒருங்கே சொல்லும். ‘ஆள்’ பெண்ணையும் உள்ளடக்கும். கொலைக்குப் பின் கைமாறிய தொகையை மட்டும் சொல்லும் இடத்தில் ‘உயிரீடு’ என்று எழுதலாம். அயர்லாந்தின் ‘எரிக்’, வேல்ஸின் ‘கலனாஸ்’ போன்ற கெல்டிய வழக்கங்களுக்கும் உயிரீடே போதும். ஆளீட்டை ஜெர்மானியச் சட்டங்களுக்கென வைத்துக்கொள்வது நல்லது.