பினாந்த்ரோலின்: ஒளியும் கரியும் சேர்ந்த பெயர்

பெங்களூரு பீன்யாவில் நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பினாந்த்ரோலின் என்ற வேதிப்பொருளை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "ஃபென் பாட்டிலை எடுங்க அண்ணா" என்றால் கை தானாக அந்த அலமாரிக்குப் போகும். போர்வெல் தண்ணீரில் இரும்பு எவ்வளவு என்று பார்க்க உதவும் மருந்து அது. சேர்த்த பத்து, பதினைந்து நிமிடத்தில் நிறமற்ற தண்ணீர் ஆரஞ்சுச் சிவப்பாகிவிடும். இரும்பு கூடக்கூட நிறமும் அடர்த்தியாகும். 510 நானோமீட்டரில் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கருவியில் பார்த்துக் கணக்குப் போடுவோம்.

பெயரைப் பிரித்தால் முதலில் வருவது 'ஃபென்'. ஒளிர்தல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. விளக்கெரிக்கும் வாயுவோடு சேர்ந்து கிடைத்ததால் பென்சீனுக்கு வைத்த பெயர் அது. அடுத்தது 'ஆந்த்ர'. அது கிரேக்கத்தில் கரி. கறுத்த புண் உண்டாக்கும் ஆந்த்ராக்ஸ் நோயின் பெயருக்கும் அதே கரிதான் மூலம். 'ஓலின்' என்ற வால், நைட்ரஜன் உள்ள இன்னொரு வேதிப்பொருளான குயினோலினிலிருந்து வந்தது. முன்னால் எழுதும் 1,10 இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான்.

அந்த இரண்டு நைட்ரஜனும்தான் நண்டின் கொடுக்கு. மூன்று மூலக்கூறுகள் சுற்றி நின்று ஒரு இரும்பு அயனியைக் கவ்விக்கொள்ளும். 1898-லேயே வேதியியலாளர் ஃபிரிட்ஸ் பிளௌ இந்தச் சேர்க்கையை எழுதிவிட்டார். நண்டுக்கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'கீலேட்' என்பதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் வைத்திருக்கும் 'கொடுக்கிணைப்பு' எனக்கு மிகவும் பிடித்த சொல். மூலத்தைவிடச் சட்டென்று புரிகிறது.

சரி, பினாந்த்ரோலினுக்குத் தமிழ்? பெயரை அப்படியே விட்டுவிடலாம். ரீஏஜென்ட் என்பதற்கு 'வினைப்பொருள்' போதும். 'இரும்புக்காட்டி' என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கரும்பொன் என்று நம் அகராதியிலும் கப்பிண என்று இங்குள்ள கன்னடத்திலும் வழங்கும் இரும்பு, தண்ணீரில் ஒரே வடிவில் இருப்பதில்லை; ஃபெரஸ், ஃபெரிக் என்று இரண்டு வடிவம். இந்தச் சிவப்பு நிறம் ஃபெரஸ் வடிவத்துக்கு மட்டுமே. அதனால்தான் முதலில் ஹைட்ராக்சிலமீன் சேர்த்து ஃபெரிக்கை ஃபெரஸாக மாற்றுகிறோம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் அதை மறந்துவிட்டான். நிறமே ஏறவில்லை. ரிப்போர்ட்டில் 'இரும்பு இல்லை' என்று எழுதிவிட்டுக் காபிக்குப் போய்விட்டான். மாதிரித் தண்ணீர் வந்த பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் விரல் தடிமனுக்குத் துரு படிந்திருந்தது.