வர்ச்சுவல் அசிஸ்டென்ட்: யாரா, எதுவா?

வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்னும் தொடர் இன்று இரண்டு பொருள்களில் வழங்குகிறது. ஒன்று, தம் வீட்டிலிருந்தோ வேறெங்கிருந்தோ இணையத்தின் வழியாகப் பிறருடைய அலுவலக வேலைகளைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் மனிதர். மற்றொன்று, சிரி, அலெக்சா, கூகுள் அசிஸ்டென்ட் போல, நாம் பேசுவதையோ தட்டச்சிடுவதையோ ஏற்று மறுமொழி தரும் மென்பொருள். தமிழில் இரண்டுக்கும் ‘மெய்நிகர் உதவியாளர்’ என்ற ஒரே தொடர்தான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. முதற்பொருளுக்கு உரியவர்களில் நானும் ஒருவர் என்பதால் இந்த ஆராய்ச்சியில் எனக்கு ஒரு சார்பு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

வர்ச்சுவல் என்பதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘விர்’ என்றால் ஆண்மகன். அதிலிருந்து ஆண்மை, ஆற்றல், மேன்மை ஆகியவற்றைக் குறிக்கும் ‘விர்த்தூஸ்’ பிறந்தது. இடைக்கால லத்தீனில் அது ‘விர்த்துவாலிஸ்’ என்று பெயரடையாகி, ‘உள்ளார்ந்த ஆற்றலை உடைய’ என்ற பொருளைப் பெற்றது. நற்பண்பைக் குறிக்கும் ஆங்கில ‘வர்ச்சு’வும் இதே குடும்பம்தான். வடமொழி ‘வீர’ என்பதும் லத்தீன் ‘விர்’ என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலார் ஏற்ற முடிவு. ஆகவே நாம் வழங்கும் வீரர் என்னும் சொல்லுக்கும் வர்ச்சுவல் என்னும் சொல்லுக்கும் தொலைவான உறவு உண்டு. பெண்கள் பலர் பிழைப்பாகக் கொண்டிருக்கும் ஒரு தொழிலின் பெயருக்குள் ‘ஆண்மகன்’ ஒளிந்திருப்பது சொல் வரலாற்றின் குறும்பு.

ஆங்கிலத்தில் இச்சொல் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஆற்றலால் விளைவை உண்டாக்குகிற’ என்ற பொருளில் நுழைந்தது. 15ஆம் நூற்றாண்டில் பொருள் நகர்ந்து, ‘பெயரளவில் அல்லாவிட்டாலும் பயனளவில் அதுவாகவே இருக்கிற’ என்றாயிற்று. பட்டம் சூட்டிக்கொள்ளாமலே நாட்டை ஆள்பவரை வர்ச்சுவல் அரசர் என்று சொல்வது இந்தப் பொருளில்தான். பெயர் இல்லை, பயன் உண்டு என்னும் இந்தப் பழம்பொருளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஒளியியலில் இச்சொல்லுக்குத் தனி ஆட்சி உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் தோன்றி, திரையில் பிடிக்க முடியாத உருவத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாயபிம்பம் என்கின்றன. இலங்கையில் மாய விம்பம் என்பர். கணினித் துறையில் இச்சொல் 1950களின் இறுதியில் புகுந்தது. கணினியில் உண்மையில் இருக்கும் நினைவகத்தைவிடக் கூடுதலான நினைவகம் இருப்பதாக நிரலுக்குக் காட்டும் உத்தியே வர்ச்சுவல் மெமரி. அதை முதன்முதலில் செயற்படுத்திய அட்லஸ் கணினி 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கியது. 1980களில் வர்ச்சுவல் ரியாலிட்டி பரவலாகப் பேசப்பட்ட பிறகு, ‘பருப்பொருளாக இல்லாமல் கணினியால் காட்டப்படுகிற’ என்பதே பொதுமக்கள் அறிந்த பொருளாக நிலைத்துவிட்டது. மெய்நிகர் என்ற தமிழாக்கம் இந்தக் கடைசிப் பொருளை ஒட்டி அமைந்தது.

தொடரின் மறுபாதியான அசிஸ்டென்ட்தான் எனக்கு அதிகம் பிடித்த பகுதி. லத்தீனில் ‘அசிஸ்தெரே’ என்றால் அருகில் நிற்றல். உதவுதல் என்பது பின்னர் ஏறிய பொருள், நிற்பதே முதற்பொருள். தமிழிலும் இதே வழியில் அமைந்த சொற்கள் உண்டு. ‘உழை’ என்றால் பக்கம். பக்கத்தில் இருப்போரையும் ஏவல் கேட்போரையும் ‘உழையர்’ என்றனர். திருக்குறளில் அரசனுக்கு அருகிருக்கும் அமைச்சன் ‘உழையிருந்தான்’ எனப்படுகிறான் (638). மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லும் குறளில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு, மருந்தை உடனிருந்து செய்து கொடுப்பவனும் ஒரு கூறாக எண்ணப்படுகிறான். அவன் பெயர் ‘உழைச்செல்வான்’ (950). அசிஸ்டென்ட் என்னும் சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்து நிகரான தமிழ்ச் சொல் ஒன்றைத் தேடினால் அது உழைச்செல்வானாகத்தான் இருக்க முடியும். வழக்கிலிருந்து முற்றிலும் போய்விட்ட சொல் என்பதால் அதை மீட்டுக் கொண்டுவர நான் முனையவில்லை. ஆனால், உதவுபவர் என்றால் பக்கத்தில் இருப்பவர் என்ற எண்ணம் இரு மொழிகளிலும் எவ்வளவு ஆழமாக ஊறியது என்பதை அது காட்டுகிறது. தமிழக அரசின் ஆட்சித் தமிழில் பெர்சனல் அசிஸ்டென்ட் என்பதற்கு ‘நேர்முக உதவியாளர்’ என்றே பெயர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்றவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். முகத்துக்கு நேரே நிற்பவர் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

அப்படியானால் முகத்தையே காட்டாத உதவியாளரை என்னவென்று அழைப்பது? 1990களில் வட அமெரிக்காவில், வீட்டிலிருந்து தொலைநகலும் மின்னஞ்சலும் கொண்டு பல வாடிக்கையாளர்களுக்குச் செயலர் பணி செய்து வந்தோர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயராகவே வர்ச்சுவல் அசிஸ்டென்ட் பரவியது. 1999இல் அவர்களுக்கென்று ஒரு பன்னாட்டுச் சங்கமும் அமைந்தது. 1990களின் இறுதியில் தொடங்கப்பட்ட ஈலான்ஸ், 2003இல் வந்த ஓடெஸ்க் ஆகிய வேலைச் சந்தைத் தளங்கள் பின்னர் ஒன்றாக இணைந்து 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறின. இவற்றின் வழியாக இப்பணி பிலிப்பைன்சுக்கும் இந்தியாவுக்கும் பெருமளவில் வந்து சேர்ந்தது. சுருக்கமாக ‘வி.ஏ.’ என்பர். தமிழ்நாட்டுச் சிற்றூரில் ஒருவர் தம்மை வி.ஏ. என்று சொல்லிக்கொண்டால், பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்க ஆள் வந்தாலும் வியப்பில்லை; அங்கே அவ்வெழுத்துகளுக்குப் பின் ஓ என்னும் எழுத்தும் சேர்ந்தே காதில் விழும்.

வேலையின் இயல்பைச் சொன்னால்தான் பெயரின் பொருத்தம் புலப்படும். அஞ்சற்பெட்டியைப் பார்த்து அவசரமானவற்றைப் பிரித்து வைப்பது, சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பது, பயணச்சீட்டு எடுப்பது, பட்டியல் அனுப்பி நிலுவையை நினைவூட்டுவது, வாடிக்கையாளரின் பெயரில் சமூக ஊடகப் பதிவுகளை உரிய நாளுக்கு அமைத்து வைப்பது ஆகியவை அன்றாடப் பணிகள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, அங்கே கடிகாரத்தை மாற்றிய பின் இரவு 7.30, ஆகவே வாடிக்கையாளரின் பகல் முழுவதும் உதவியாளரின் இரவு. பிறருடைய கடவுச்சொல்லால் உள்ளே சென்று, பிறருடைய பெயரில் வணக்கம் சொல்லி, பிறருடைய பெயரில் நன்றி கூறி முடிக்கும் இவ்வேலை புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘திருமந்திர ஓலை’ என்னும் அலுவலர், அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையை எழுத்தில் வடித்தவர். அவருக்கு மேல் ‘திருமந்திர ஓலை நாயகம்’ இருந்தார். ஆனால் அவர்களுக்குப் பதவி இருந்தது, ஆணையில் பெயரும் பொறிக்கப்பட்டது. இணையத்தின் வழியாக வேலை செய்யும் உதவியாளர் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் ஊழியர் பட்டியலிலும் இல்லை. வருங்கால வைப்புநிதியும் ஊதியத்தோடு கூடிய விடுப்பும் அவருக்கு இல்லை. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்துப் பொருளீட்டுபவர் என்று ‘கிக்’ தொழிலாளரை வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் இவரும் அடங்குவார். பெயரளவில் ஊழியர் அல்லர், பயனளவில் ஊழியர். 15ஆம் நூற்றாண்டின் பழைய வர்ச்சுவல் இவருக்கு அச்சாகப் பொருந்துகிறது. கணினிக்காலத்துப் புதிய வர்ச்சுவல் பொருந்தவில்லை.

இரண்டாம் பொருள் பின்னால் வந்தது. உரையாடும் நிரல் என்ற எண்ணம் பழையதுதான். ஜோசப் வைசன்பாம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய எலிசா என்னும் நிரல் 1966இல் அறிமுகமாயிற்று. ஆனால் கருவிக்கு ‘அசிஸ்டென்ட்’ என்ற பட்டம் கிடைத்தது, 1992இல் ஆப்பிளின் தலைவர் ஜான் ஸ்கல்லி கையடக்கக் கருவி ஒன்றைப் பெர்சனல் டிஜிட்டல் அசிஸ்டென்ட் என்று அறிவித்தபோதுதான். சிரி 2011இல் ஐபோனுக்குள் வந்தது, அலெக்சா 2014இல், கூகுள் அசிஸ்டென்ட் 2016இல். அதன் பின் வர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று தேடுவோருக்கு மனிதர்களும் மென்பொருள்களும் ஒரே வரிசையில் கலந்து கிடைக்கிறார்கள். ‘கிடைக்கிறார்கள்’ என்று எழுதும்போதே எனக்குக் கை தயங்குகிறது.

இந்தத் தயக்கமே தமிழின் சிறப்பு. ஆங்கிலப் பெயர்ச்சொல் தான் குறிப்பது ஆளா பொருளா என்று சொல்ல வேண்டியதில்லை. அசிஸ்டென்ட் என்று பொதுவாக நின்றுவிடலாம். தமிழில் அது முடியாது. ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே; அஃறிணை என்மனார் அவரல பிறவே’ என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் தொடக்கம். பெயரைச் சொன்ன மறுகணமே வினைமுற்று கேட்கும்: அலெக்சா சொன்னாளா, சொன்னதா? பேச்சில் விளையாட்டாகச் ‘சொன்னாள்’ என்பாரும் செய்தி எழுதும்போது ‘சொன்னது’ என்றே முடிக்கின்றனர். ஆகவே, மென்பொருளுக்கு ‘-ஆளர்’ என்னும் உயர்திணை ஈற்றைச் சேர்த்து உதவியாளர் என்று எழுதுவது ஆங்கிலத்தின் மழுப்பலைத் தமிழுக்குள் வலிந்து கொண்டுவருவதாகும். ‘மெய்நிகர் உதவியாளரைக் கைப்பேசியில் நிறுவுக’ என்ற வரியில் மனிதரை யாரோ ஆணியடித்துப் பொருத்துவது போன்ற தோற்றம் வருகிறது.

மனிதருக்கு மெய்நிகர் என்ற அடையும் தகாது. மெய்நிகர் என்றால் மெய்யைப் போன்றது. மெய் அன்று என்பது அதில் அடங்கிய செய்தி. இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து, காலையில் பிள்ளைக்கு உணவு கட்டிக் கொடுத்து அனுப்பும் ஒருவர் மெய்யேதான். மெய் அல்லாதது அவர் அந்த அலுவலகத்தில் அமர்ந்திருக்கிறார் என்னும் தோற்றம் மட்டுமே. மெய் என்பதற்கு உடல் என்ற பொருளும் இருப்பதால், உடல் அங்கிருப்பதற்கு நிகராகப் பணியாற்றுபவர் என்று விளக்கம் கூறித் தப்பிக்கலாம். அழகான விளக்கம்தான், ஆனால் சொல்லைக் கேட்பவர் எவரும் அப்படிப் பொருள் கொள்வதில்லை. மாய உதவியாளர் என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாயம் தமிழில் ஏமாற்றையும் குறிக்கும்.

வழி காட்டும் முன்மாதிரி ஒன்று நம்மிடமே உண்டு. ஆங்கிலத்தில் தமிழ் வர்ச்சுவல் அகாடமி எனப்படும் அரசு நிறுவனத்தின் தமிழ்ப் பெயர் ‘தமிழ் இணையக் கல்விக்கழகம்’. 2001இல் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு அது தொடங்கியபோதும் ‘இணைய’ என்ற அடையே வைக்கப்பட்டது. பெயர் வைத்தவர்கள் வர்ச்சுவல் என்னும் சொல்லைப் பெயர்க்காமல், அது சுட்டும் செயலைப் பெயராக்கினர். கொரோனாக் காலத்தில் ‘இணையவழி வகுப்பு’ என்ற தொடர் வீட்டுக்கு வீடு புழங்கியதால், ‘இணையவழி உதவியாளர்’ என்றால் விளக்கம் கேட்க ஒருவரும் இரார். மனிதருக்கு அதையே நான் பரிந்துரைக்கிறேன். தொலைநிலை உதவியாளர் என்பதும் தவறில்லை, ஆனால் தொலைநிலைக் கல்வியின் நினைவால் அஞ்சல்வழிப் பாடநூல் மணம் வீசுகிறது. மென்பொருளுக்கு ‘உதவிச் செயலி’ போதும்; பேச்சால் இயங்குவதைக் ‘குரல்வழி உதவிச் செயலி’ என்று பிரித்துச் சொல்லலாம். இங்கே மெய்நிகர் வேண்டியதே இல்லை, ஏனெனில் செயலி பருப்பொருள் அன்று என்பது எல்லாரும் அறிந்தது.

ஓர் இடர் மட்டும் எஞ்சுகிறது. வங்கியின் தளத்திலோ பயணச்சீட்டுத் தளத்திலோ ஓரத்தில் ஒரு சிறு பெட்டி திறந்து, ‘உங்களுக்கு எவ்வாறு உதவட்டும்?’ என்று கேட்கும்போது, மறுபுறம் இருப்பது நிரலா, என்னைப்போல் ஒருவரா என்று நமக்குத் தெரிவதில்லை; சில சமயம் பாதி உரையாடலில் ஒன்று விலகி மற்றவர் வருகிறார். இத்தகைய ஐயத்துக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. மாலை மங்கலில் தொலைவில் தெரிவது மரக்கட்டையா ஆளா என்று விளங்காத நிலையைத் திணை ஐயம் என்பர். அப்போது இரு திணைக்கும் பொதுவான சொல்லால் சொல்ல வேண்டும் என்பது விதி. ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ தோன்றுகின்ற உருபு’ என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். உருபு என்பது இங்கே வடிவு. அந்த விதிப்படி, அந்தப் பெட்டிக்கு மேல் உதவியாளர் என்றும் செயலி என்றும் எழுதாமல், ‘இணைய உதவி’ என்று மட்டும் எழுதிவிடலாம்.