தேன்சிட்டு வேறு, ஓசனிச்சிட்டு வேறு

சென்ற வாரம் தமிழில் குரல் கொடுத்த ஓர் இயற்கைப் படத்தில் மறுபடியும் அதே பிழை. “இந்தத் தேன்சிட்டு மெக்சிகோ வளைகுடாவைக் கடக்கிறது” என்றார்கள். எந்தத் தேன்சிட்டும் அந்த வளைகுடாவைக் கண்டதில்லை. திரையில் இருந்தது ஹம்மிங்பேர்டு; தமிழில் ஓசனிச்சிட்டு என்று நான் சொல்லும் பறவை.

சிறகொலியைக் குறிக்கும் ‘ஹம்’ என்ற ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த ஆங்கிலப் பெயர் அது. ஸ்பானிய மொழியில் ‘பிக்காஃப்ளோர்’, அதாவது பூவைக் கொத்துவது. அதை அப்படியே பெயர்த்தாலும் வம்புதான். பூக்கொத்தி என்று நம் ஊரில் வேறொரு பறவை இருக்கிறது.

படத்தில் வந்தது வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளிலும் தோட்டங்களிலும் கோடையைக் கழிக்கும் செந்தொண்டை வகை. எடை சுமார் 3 கிராம். ஆணின் தொண்டை வெயில் படும்போது தணலாக ஒளிரும். சற்றுத் திரும்பினால் கறுத்துவிடும். நொடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடித்து, பூவின் முன் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். குடித்ததும் பின்பக்கமாகவே பறந்து விலகும். நம் வீட்டுச் செம்பருத்திக்கு வரும் ஊதாத் தேன்சிட்டைப் பாருங்கள். பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்து, பூவின் அடியில் அலகால் துளையிட்டுத் தேனை எடுக்கும். ஹம்மிங்பேர்டுக்கு உறவு உழவாரன் (ஸ்விஃப்ட்) என்னும் பறவை, தேன்சிட்டுக்குக் குருவிகள். ஒரே உணவைத் தேடியதால் அலகு ஒத்துப்போனது, அவ்வளவே.

“மக்களுக்குப் புரிய வேண்டுமே” என்கிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். எது புரிகிறது? அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் பறவையைக் குழந்தை தன் முருங்கை மரத்தில் பார்த்துவிட்டதாக நம்புகிறது. இரண்டு பறவைகளையும் ஒப்பிடும் பாடம் வந்தால், தேன்சிட்டையும் தேன்சிட்டையும் ஒப்பிடுக என்றா எழுதுவார்கள்? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டுப் பழியை வாசகர் மேல் சுமத்துவது இன்று வழக்கமாகிவிட்டது.

ஹம்மிங்பேர்டை ரீங்காரச்சிட்டு என்பாரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பறவை எதுவென்று குழப்பமாவது இல்லை. ஆனால் அந்தச் சொல் ஒலியோடு நின்றுவிடுகிறது, ஒலி தொண்டையில் பிறப்பதாக எண்ணவும் வைக்கிறது. ஓசனித்தல் என்றால் பறவை சிறகடித்தல். ஒலிக்கும் அந்தர நிலைக்கும் காரணமான சிறகையே ஓசனிச்சிட்டு சுட்டுகிறது. பழஞ்சொல், புரியாது என்பார்கள். பத்து முறை காதில் விழுந்தால் எந்தச் சொல்லும் பழகிவிடும்; ஹம்மிங்பேர்டும் அப்படிப் பழகியதுதானே? வகைப் பெயர்களும் இயல்பாக அமைகின்றன: செந்தொண்டை ஓசனிச்சிட்டு, கியூபாவில் வாழும் மிகச்சிறிய தேனீ ஓசனிச்சிட்டு. அதைத் தேனீத் தேன்சிட்டு என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.